வடக்கு வளைவு

கொரலி விழுந்தபோது யாரும் இருக்கையை விட்டு எழக்கூட இல்லை. இந்த விளையாட்டில் விழுவது மூச்சு விடுவது மாதிரி. ஹாக்கித் தளத்துக்குள் அடங்குகிற ஒரு சின்ன வட்டத்தில் நாலைந்து பிள்ளைகள் ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஐஸ் மேல் ஒரே நேரத்தில் பறக்கிறார்கள். ஆளுக்கொரு கோடு என்பதெல்லாம் கிடையாது. முந்த முடிந்தவர் முந்தலாம், இடித்தால் மட்டும் வெளியே. சுவரைச் சுற்றி மெத்தை அடுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. கொரலி வயிற்றால் சறுக்கிக்கொண்டு போய் மெத்தையில் முட்டினாள். எழுந்தாள். கடைசியாக வந்து சேர்ந்தாள்.

அவள் அப்பா பத்ரிஸ் மட்டும் படியிறங்கி நேராக பஸ்தியேனிடம் வந்தான். வலது மணிக்கட்டில் கட்டு. போன வாரம் வீட்டு வாசலில் பனியைத் தள்ளும்போது சுளுக்கிக்கொண்டது.

"டேய், நேத்து நீ கூர் தீட்டினியா, வெண்ணெய் தடவினியா?"

பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ்தியேனும் சிரித்துவைத்தான்.

"எல்லா ஜோடியையும் ஒரே மாதிரிதான் பண்ணேன்."

"அதாண்டா பயமா இருக்கு" என்றான் பத்ரிஸ்.

கிளப்பின் சின்னப் பிள்ளைகளுக்கு பிளேடு தீட்டிக் கொடுப்பது மிலேனின் வேலையாக இருந்தது. மிலேன் பஸ்தியேனின் மனைவி. போட்டிக்கு முந்தின நாள் அடித்தளத்து அறையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மகள் அனூக் பக்கத்தில் நிற்பாள். பஸ்தியேன் மேலே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பான். கல்லூரியில் அவன் புவியியல் வாத்தியார். போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் மிலேன் மளிகைக் கடையின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு தீட்டும் வேலையை பத்ரிஸ் பார்த்தான். போன வாரம் அவன் கை இப்படி ஆகிவிட, "நான் பண்றேன்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று பஸ்தியேனுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

"அப்பா."

அனூக் பின்னால் நின்றிருந்தாள். பதினொரு வயது. கழுத்துக்காப்பு வரை மாட்டி முடித்திருந்தாள். ஸ்கேட் மட்டும் கையில்.

"கொரலியோடது நீதான பண்ண?"

"ஆமா."

"என்னுதும் நீதான்."

"ஆமா."

அவள் கையிலிருந்த ஜோடியைப் பெஞ்சில் வைத்தாள்.

"நான் கிளப் ஸ்கேட்டப் போட்டுக்கறேன்."

கிளப் ஸ்கேட் என்றால் இரவலுக்கு வைத்திருக்கும் நீல ஜோடி. அவள் காலுக்கு ஒரு அளவு பெரிது. போன குளிர்காலத்தில் யாரோ கடைசியாகப் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு அரையிறுதியில் நிற்பதும் மழைச் செருப்போடு நிற்பதும் ஒன்றுதான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

பஸ்தியேனுக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்ததா என்று தேடினான், கைக்கு எட்டவில்லை. ஒன்றரை வருஷமாக அப்படித்தான். யார் எது சொன்னாலும் அடுத்த அறையில் சொல்வது போலக் கேட்கும்.

"உன் ரேஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. அவ ஏன் விழுந்தான்னு பாத்துட்டு சொல்றேன்."

"பாத்தா தெரியுமா உனக்கு?"

"தெரியல. பாக்கறேன்."

"கூப்பிடற வரைக்கும்தான்" என்றாள் அனூக். நீல ஜோடியை எடுத்துவர உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

கொரலியின் ஸ்கேட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். இந்த ஸ்கேட்டைப் புதிதாகப் பார்ப்பவர்கள் யாரோ கோணலாகப் பூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். பிளேடு பூட்ஸின் நடுவில் இருக்காது. இடதுபக்கம் தள்ளி இருக்கும். போதாததற்கு பிளேடே மெல்ல இடதுபக்கம் வளைந்திருக்கும், வில்லை லேசாக நாணேற்றியது போல. அடிப்பக்கமும் நேர்கோடு இல்லை. தொட்டில் கட்டை மாதிரி நடுவில் மட்டும் ஐஸைத் தொடும். கல்யாணத்துக்கு முன்பு மிலேன் இதைக் காட்டியபோது அவன் சிரித்தான். "வலதுபக்கம் திரும்பணும்னா?" என்று கேட்டான். "எங்களுக்கு வலதுபக்கம்னு ஒண்ணு கிடையாது" என்றாள் அவள்.

இடது பிளேடின் ஓரத்தில் விரலைக் குறுக்காக ஓட்டினான். வழவழவென்று போனது. வலது பிளேடில் ஓட்டினான். உள்பக்க விளிம்பில், குதிகாலுக்கு முன்னால், விரலை எதுவோ பிடித்து இழுத்தது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு. கல்லில் தேய்க்கும்போது இரும்பு ஒரு பக்கமாக மடிந்து நிற்கும். சின்னக் கல்லால் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கூர் ஐஸைக் கடிக்காது, வழுக்கும். ஆறு ஜோடியில் இந்த ஒன்றில் எடுக்க மறந்திருக்கிறான்.

பிசிறை எடுத்தான். மற்ற ஜோடிகளையும் விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு பத்ரிஸைத் தேடிப் போனான்.

"வலதுல பிசிறு விட்டுட்டேன். என் தப்பு."

பத்ரிஸ் இதை எதிர்பார்க்கவில்லை.

"சரி விடு. எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"மத்த பிள்ளைங்களோடது?"

"எல்லாத்தையும் பாத்தேன். இல்ல."

"அப்புறம் என்னடா. முடிஞ்சுது."

முடிந்திருக்க வேண்டும். அனூக்கிடம் போய் உன்னுடையது சுத்தம் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தான். அரங்கம் "ஓ" என்றது. திரும்பினான். பே-கொமோ கிளப்பின் சிவப்பு உடையில் ஒரு பையன் வடக்கு வளைவின் மெத்தையில் கிடந்தான். கொரலி கிடந்த அதே மெத்தை.

அந்தப் பையனின் பிளேடை பஸ்தியேன் தொட்டதே இல்லை.

அடுத்த பந்தயத்துக்கு அவன் உட்காரவில்லை. வடக்குப் பக்கத்துக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான். சிக்கூத்திமி கிளப்பின் பெண்கள் நாலு பேர். துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவுக்குள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் கோத்துக்கொண்டு போனார்கள். வளைவில் உடம்பு முழுக்க உள்பக்கம் சாய்ந்தது. இடது கைவிரல் நுனி ஐஸை வருடிக்கொண்டே போனது. அது பிடிமானத்துக்கு இல்லை, தரை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்வதற்கு. வலது கால் இடது காலைத் தாண்டி முன்னால் விழுந்தது. மறுபடி தள்ளல். மறுபடி தாண்டல். இரண்டாவது சுற்றில் மூன்றாவதாக வந்தவள், வளைவின் நடுவைத் தாண்டி, அந்த வலது காலைக் கீழே வைத்தாள். வைத்த கால் அங்கே இல்லை. போய்விட்டது. கூடவே இன்னொருத்தியையும் வாரிக்கொண்டு மெத்தைக்குப் போனாள்.

தெற்கு வளைவில் காலையிலிருந்து ஒருவர்கூட விழவில்லை. அதே பிள்ளைகள். அதே பிளேடு. அதே வேகம்.

ஏன்?

அந்தக் கேள்வி வந்தபோது அவனுக்கே விசித்திரமாக இருந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது எறும்பு ஊறுமே, அப்படி எதுவோ மண்டைக்குள் ஊறியது. சுகமாகவும் இல்லை, வலியாகவும் இல்லை. ஆனால் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வடக்கு வளைவின் கட்டைக்காரன் ஜெர்வே வெளியே வந்தான். வளைவைக் காட்ட ஐஸ் மேல் கறுப்பு ரப்பர் கட்டைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒட்டுவதில்லை. பிள்ளைகள் உதைத்தால் பறக்கும். அடுத்த சுற்று வருவதற்குள் ஓடிப்போய், ஐஸில் குறித்திருக்கும் அதே நிறப் புள்ளியில் திரும்ப வைப்பது கட்டைக்காரன் வேலை. பந்தயங்களுக்கு நடுவே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, பிளேடு கிழித்த பள்ளங்களில் ஊற்றுவதும் அவன்தான். சம்பளம் ஒரு ஹாட் டாக்.

"என்ன, கண்ணாடிய நக்கிட்டு நிக்கற?" என்றான் ஜெர்வே.

"உன் வளைவுல ஏன் எல்லாரும் விழறாங்க?"

"என் வளைவா? ஏன், என் பேரு எழுதியிருக்கா?"

"தெற்குல யாரும் விழலயே."

"தெற்குல வெயில் அடிக்குதோ என்னமோ." ஜெர்வே மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நானும் பாத்துட்டுதான் இருக்கேன். கட்டையெல்லாம் சரியான புள்ளிலதான் இருக்கு. தடத்த ஒரு புள்ளி தள்ளியும் வெச்சுப் பாத்தாச்சு. அங்கயும் விழறாங்க. ஐஸுக்குக் கண்ணு பட்டுடுச்சு."

"நான் உள்ள வந்து பாக்கட்டுமா?"

ஜெர்வே அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டான்.

"தாராளமா பாரு. எனக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு வயித்துக்குக் கீழ. இந்தா, காலுல முள்ள மாட்டிக்க. வாளி அங்க இருக்கு. உதைச்ச கட்டைய எடுத்து வைக்கும்போது தலைய நிமித்திப் பாத்துட்டு ஓடு. போன வருஷம் ஒருத்தன் பாக்கல."

"என்ன ஆச்சு?"

"இப்ப பார்வையாளரா இருக்கான்" என்று சொல்லிவிட்டு ஜெர்வே போய்விட்டான்.

பூட்ஸின் அடியில் இரும்பு முள்ளை மாட்டிக்கொண்டு பஸ்தியேன் ஐஸில் இறங்கினான். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மேலிருந்து பார்க்கும்போது வெள்ளையாக, ஒரே பரப்பாகத் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தால் அது ஒரு தேசப்படம். நூற்றுக்கணக்கான கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. வளைவு பாதி தாண்டின இடத்தில், வலது கால் வந்து விழும் இடத்தில், பள்ளங்கள் அடைபட்டு இருந்தன. ஆனால் அடைத்திருந்தது கண்ணாடி மாதிரி இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கையுறையைக் கழற்றி நகத்தால் நெம்பினான். முட்டை ஓடு போல ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அடியில் பழைய பள்ளம் அப்படியே இருந்தது.

ஊற்றின தண்ணீர் ஐஸோடு சேரவே இல்லை. மேலே பொருக்காக உட்கார்ந்திருந்தது. காலை வைத்தால் பொருக்கு உடைகிறது. கால் போகிறது.

வாளிக்குள் விரலை விட்டான். பச்சைத் தண்ணீர்.

வட்டத்தின் குறுக்கே நடந்து தெற்கு வளைவுக்குப் போனான். அங்கே நின்றவள் பே-கொமோ பிள்ளை ஒன்றின் அம்மா. அவள் வாளியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இது எங்க பிடிக்கறீங்க?"

"ஐஸ சமன் பண்ற வண்டி நிக்கற கொட்டகைல. ஏன்? அதுலதான பிடிக்கணும்?"

"சூடா?"

"கை வெச்சா தோல் உரியும்." அவள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்க கட்டைக்காரர்தான?"

"இன்னைக்கு மட்டும்" என்றான்.

வடக்குப் பக்கத்திலிருந்து கொட்டகை தூரம். அதனால் ஜெர்வே கேன்டீன் பின்னாலுள்ள நடைபாதைக் குழாயில் பிடிப்பான். இந்த அரங்கம் கட்டினதிலிருந்து வடக்குக்காரர்கள் அங்கேதான் பிடிக்கிறார்கள். பஸ்தியேன் சிவப்புக் குழாயைத் திறந்தான். விரலை நீட்டிக் காத்திருந்தான். சில்லென்று வந்தது. இன்னும் காத்திருந்தான். அதே சில். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும், கேன்டீன் நடத்தும் பியரெட்டின் குரலும், வேகவைத்த சாஸேஜ் வாடையும் வந்தன.

கேன்டீனின் பின்கதவைத் தட்டாமலே திறந்தான். பியரெட் முழங்கை வரை நுரையில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றிப் பீங்கான் கோப்பைகள். தொட்டியில் கோப்பை, மேடையில் கோப்பை, நாற்காலி மேல் தட்டோடு கோப்பை. இரண்டு குழாயும் முழுசாகத் திறந்திருந்தன.

"வரிசைல வா ராசா. இந்தப் பக்கம் வந்தா ஹாட் டாக் சீக்கிரம் வேகாது."

"பியரெட், நடைபாதைக் குழாய்ல சுடுதண்ணி வரல."

"எப்படி வரும்? எல்லாம் இங்க வருது."

"எப்பவும் வருமே."

"எப்பவும் நான் காகிதக் கப்புல குடுப்பேன். குடிச்சா தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க. இந்த சீசன்லதான் புரட்சி பண்ணிட்டீங்களே, பூமிய காப்பாத்தணும்னு. இனிமே கழுவுற கோப்பைதான்னு செப்டம்பர் கூட்டத்துல தீர்மானம். கழுவுறது யாரு? பூமியா?" நுரைக்கையால் அவனைச் சுட்டினாள். "நீயும்தான் கை தூக்கின."

"நானா?"

"பின்ன? முதல் வரிசைல உக்காந்து, பேயறைஞ்ச மாதிரி. எல்லாரும் தூக்கினப்ப நீயும் தூக்கின. எல்லாரும் இறக்கினப்புறமும் தூக்கிட்டே இருந்த. பத்ரிஸ்தான் பிடிச்சு இறக்கிவிட்டான்."

அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கூட்டம் நடந்த அறைகூட ஞாபகம் இல்லை. அந்தச் செப்டம்பரே ஞாபகம் இல்லை. தேடிப் பார்த்தான், ஒரு மாதம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. அதற்குள்ளே எங்கேயோ தன் கை ஒன்று தூக்கியபடி நிற்கிறது.

சட்டென்று சிரிப்பு வந்தது. அவன் கூப்பிடவில்லை, தானாக வந்தது.

"என்னடா சிரிக்கற?"

"உங்க கோப்பையாலதான் வெளிய பிள்ளைங்க விழறாங்க."

பியரெட் கையை இடுப்பில் வைத்தாள். நுரை ஏப்ரனில் வழிந்தது. அவன் சொன்னான்: உங்களுக்கும் நடைபாதைக் குழாய்க்கும் ஒரே சுடுதண்ணீர்த் தொட்டி, அதுவும் சின்னது. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஜனம் சாக்லேட் குடிக்க வருகிறது. கோப்பை சேருகிறது. நீங்கள் கழுவுகிறீர்கள். சுடுதண்ணீர் தீர்கிறது. அதே நேரத்தில் ஜெர்வே வாளியைப் பிடிக்கிறான். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பள்ளம் மூடாது, மேலே ஓடு கட்டும். அதில் கால் வைத்தால் உடையும்.

அவள் கேட்டு முடித்தாள். முகம் மாறியது.

"ஜெர்வே கழுத முண்டம் வாளில கை வெச்சுப் பாக்க மாட்டானா?"

"தடிமனான கையுறை போட்டிருக்கான்."

"சரி, நிறுத்தறேன்." குழாய்களை அடைத்தாள். "ஆனா தொட்டி சூடாக இன்னும் நேரம் ஆகும். அதுவரைக்கும்?"

அடுப்பின் மேல் இரண்டு பெரிய பாத்திரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அவன் ஒன்றின் காதைப் பிடித்தான்.

"அய்யய்யோ, அது சாஸேஜ் தண்ணி! எண்ணெய்! பிள்ளைங்க சூப்புல சறுக்கணுமா? இத எடு. சாக்லேட்டுக்கு வெச்சது. வெறும் தண்ணி."

எடுத்தான். காது சுட்டது. இரண்டு எட்டு நடந்தபிறகுதான் எவ்வளவு சுட்டது என்று தெரிந்தது. "ஸ்ஸ்" என்று கீழே வைத்தான். பியரெட் ஒரு துணியை அவன் மேல் விட்டெறிந்துவிட்டு, முன்பக்கம் போய் சாளரத்தில் தலையை நீட்டி முழங்கினாள்.

"சாக்லேட் கிடையாது! இப்ப ஐஸ் குடிக்குது, அப்புறம்தான் நீங்க!"

தலைமை நடுவர் ஒல்லியான, அதிகம் பேசாத பெண். அவன் வளைவிலிருந்து பெயர்த்துக் கொடுத்த வெள்ளைச் சில்லை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தாள். சிவப்பு உடைப் பையன் விழுந்த மெத்தையைப் பார்த்தாள். "பண்ணுங்க" என்றாள். ஒலிபெருக்கி சின்ன இடைவேளை என்றது. பத்ரிஸ் ஒரு கையோடு வந்து, தள்ளுக்கரண்டியால் பொருக்கைச் சுரண்டினான். பஸ்தியேன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினான். ஆவி எழுந்து இருவர் முகத்தையும் மறைத்தது. தண்ணீர் பழைய ஐஸைக் கரைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் போய், ஒரு கணம் கறுப்பாக நின்று, பிறகு கண்ணாடியாக இறுகியது.

"அப்ப கொரலி விழுந்ததும் தண்ணியாலதானா?" என்று ஆவிக்குள்ளிருந்து பத்ரிஸ் கேட்டான்.

"அவ விழுந்தது ரெண்டாலயும் இருக்கும். பிசிறு இருந்தது நிஜம்."

"நீ பொய் சொல்லியிருக்கலாம்டா. நான் நம்பியிருப்பேன்."

ஒலிபெருக்கி பெண்கள் அரையிறுதிக்கு அழைத்தது. முதல் பெயர் அனூக்.

அவள் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நீல ஜோடி. இன்னொரு பக்கம் அவளுடையது. காலில் காலுறை மட்டும். பஸ்தியேன் முள் பூட்ஸோடு அவள் எதிரில் வந்து நின்றான். மஞ்சள் சட்டையைப் பார்த்து அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"கொரலியோடதுல வலது பிளேடுல பிசிறு விட்டுட்டேன்" என்றான். "அது என் தப்பு. மத்தவங்க விழுந்தது தண்ணியால. பச்சத் தண்ணி ஊத்தியிருக்காங்க. இப்ப சரி பண்ணியாச்சு."

"என்னுது?"

"மூணு தரம் பாத்தேன். பிசிறு இல்ல." மீதியைச் சொல்லாமல் விடலாம். "ஆனா அம்மா தீட்டற மாதிரி இல்ல. அந்த அளவுக்குக் கூர் வரல."

அனூக் தன் இடது ஸ்கேட்டை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தைத் திருப்பிப் பிளேடின் மேல் குறுக்காக இழுத்தாள். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் சுருண்டு வந்தது. ஊதினாள். வலதை எடுத்து இழுத்தாள். தூள் வந்தது, கொஞ்சமாக. அவள் உதட்டைச் சுழித்த விதம் அவனுக்குத் தெரிந்த விதம். அடித்தளத்து அறையின் படியில் நின்று எப்போதோ பார்த்திருக்கிறான்.

"இடது பரவால்ல" என்றாள். "வலது சுமார்."

"சரி."

"ரொம்ப சுமார்."

"சரி."

ஒலிபெருக்கி அவள் பெயரை மறுபடி சொன்னது. அனூக் நீல ஜோடியைப் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினாள். தன்னுடையதில் காலை நுழைத்தாள். கயிற்றின் இரண்டு நுனியையும் எடுத்து, ஒன்றரை வருஷமாக யாரையும் தொடவிடாத அந்தக் கயிற்றை, அவன் பக்கம் நீட்டினாள்.

"இழு. நல்லா இழு. எனக்கு வலிக்கும்னு பாக்காத."

இழுத்தான். சூடுபட்ட விரல் எரிந்தது. இன்னும் இழுத்தான்.

அவன் ஓடிப்போய் வடக்கு வளைவின் உள்ளே நின்றுகொண்டான். ஜெர்வே இன்னும் வரவில்லை. துப்பாக்கி வெடித்தது. நாலு பேர். அனூக் மூன்றாவது.

உள்ளேயிருந்து பார்ப்பது வேறு. சத்தம் முதலில் வந்தது, துணியைக் கிழிப்பது போல. பிறகு முகங்கள், எதையும் பார்க்காத கண்கள். அனூக் சாய்ந்தாள். அவ்வளவு சாய்ந்தால் யாரும் விழத்தான் வேண்டும். விழவில்லை. அவள் விரல் நுனி அவன் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி ஐஸை வருடிக்கொண்டு போனது. வலது கால் தாண்டி வந்து, காலையிலிருந்து எல்லாரையும் வாரின அந்த இடத்தில் விழுந்தது.

கண்ணாடி உடையவில்லை. போய்விட்டாள்.

மூச்சு விட்டான். அதுவரை பிடித்துவைத்திருந்ததே தெரியாது. அடுத்த சுற்று. அடுத்தது. கடைசிச் சுற்றின் மணி அடித்தது. இரண்டாவதாகப் போனவள் வளைவில் கொஞ்சம் அகலமாக விலகினாள். உள்பக்கம் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அனூக் அதற்குள் நுழைந்தாள். நுழையும்போது வலது கால் ஒரு விரற்கடை வழுக்கியது. பிளேடு தேடியது. பிடித்தது. அந்தத் தடுமாற்றத்தில் அவள் கால் கட்டை ஒன்றைத் தட்ட, அது சுழன்றுகொண்டு போனது.

பின்னால் நாலாவது பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு பாதை காலி. பஸ்தியேன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். ஓடினான். கட்டையைப் பிடித்தான். புள்ளியைத் தேடினான். சரியான நிறப் புள்ளியில் குந்தி, இரண்டு கையாலும் அழுத்தி வைத்தான். அரங்கம் கத்தியது. அவன் எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு பேரும் முழங்காலில் கை ஊன்றி, நிற்காமல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் எங்கே என்று எதிலும் எழுதியில்லை.

அனூக் ஒரு அரை வட்டம் மெல்ல வந்து அவன் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்திருந்தது.

"மூணாவது" என்றாள். முதல் இரண்டு பேருக்குத்தான் இறுதிப் போட்டி. "அவ மூக்கு மட்டும்தான் முன்னாடி."

"நான் பாக்கல. கட்டை வெச்சிட்டிருந்தேன்."

"நான்தான உதைச்சேன், தெரியும்." அவள் மூச்சை இழுத்தாள். "வலது வழுக்குச்சு."

"பாத்தேன்."

"சுமார்னு சொன்னேன்ல?"

"சொன்ன. ஏன் போட்டுக்கிட்ட?"

அவள் தோளைக் குலுக்கினாள். கேட்ட கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்பது போலப் பார்த்தாள். பிறகு ஐஸைப் பார்த்தாள், அவன் ஊற்றிய இடத்தை.

"சுடுதண்ணி ஊத்தினா மட்டும் எப்படிப்பா ஒட்டுது? பச்சத் தண்ணிதான சீக்கிரம் உறையும்?"

பஸ்தியேன் வாயைத் திறந்தான். கல்லூரியில் பனியாறுகளைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன்.

"சீக்கிரம் உறையறதுதான் கோளாறுன்னு நினைக்கறேன்" என்றான். "சரியா தெரியல. வீட்டுல பண்ணிப் பாப்போம்."

"எதுல?"

"கொல்லைல. ரெண்டு தட்டுல ஐஸ் வெச்சு."

"பிளேடுக்கும் பாக்கணும். நீ சின்னக் கல்ல ஒரு பக்கம் மட்டும் தேய்க்கற போல. அம்மா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி தேய்ப்பா. நான் நின்னு பாத்திருக்கேன்."

"நேத்து ஏன் கீழ வரல?"

"நீ கூப்பிடல" என்றாள்.

தலைமை நடுவர் விசில் ஊதினாள். அப்பாவும் மகளும் ஐஸை விட்டு வெளியே போகவேண்டும். அனூக் பெஞ்சில் உட்கார்ந்து கயிறுகளை அவிழ்த்தாள். பிளேடுகளைத் துணியால் துடைத்து, உறை மாட்டி, ஜோடியாக எடுத்து அவன் கையில் வைத்தாள். பைக்குள் போடவில்லை. அவன் கையில் வைத்தாள். காலுறையோடு கேன்டீன் பக்கம் ஓடினாள்.

எதிரே ஜெர்வே வந்தான். மீசையில் கடுகு சாஸ்.

"என்ன, கண்டுபிடிச்சியா?"

பஸ்தியேன் மஞ்சள் சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்தான்.

"வாளில கை வெச்சுப் பாருடா. கையுறைய கழட்டிட்டு."

ஜெர்வேக்குப் புரியவில்லை. அதற்குள் கேன்டீன் சாளரத்திலிருந்து பியரெட்டின் குரல் அரங்கம் முழுக்க எட்டியது.

"சாக்லேட்டா? எங்கிட்ட ஏன் கேக்கற? உங்கப்பன்தான் ஐஸுக்கு ஊத்திட்டான், போய் அவனக் கேளு!"